வெள்ளைத் தையலை அழுக்காக்கிய கை

முன்னொரு காலத்தில், குதிரையைக் கண்டாலே கால் நடுங்கும் ராஜா ஒருவர் இருந்தார். பெயர் மட்டும் வீரப்பிரதாபர். ராஜ்யத்தின் பெயரைக் கேட்காதீர்கள். அங்கே உள்ளவர்கள் காதில் விழுந்தால் வருத்தப்படுவார்கள்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் குதிரையில் வந்து அரண்மனை வாசலில் இறங்கினார். மாடத்தில் நின்று பார்த்த ராஜாவுக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"அது என்ன?" என்றார்.

"குதிரை, மகாராஜா" என்றார் தலைமை மந்திரி ஆவுடையப்பர்.

"அது தெரிகிறது. குதிரை மேல்?"

"சேணம், மகாராஜா."

"சேணத்தின் மேல்?"

மந்திரி எட்டிப் பார்த்தார். "தையல், மகாராஜா. வெள்ளை நூல் தையல்."

பழுப்புத் தோல் சேணம் அது. ஓரம் முழுவதும் வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். அரிசியை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகப் பதித்தது போல இருந்தது. ராஜா பெருமூச்சு விட்டார்.

"எனக்கும் அப்படி ஒன்று வேண்டும்."

"ஏறுவதற்கா, மகாராஜா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள்.

"பார்ப்பதற்கு" என்றார் ராஜா.

அந்த அரண்மனையில் செங்கோடன் என்று ஒரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. ராஜா சிரிக்காத நாட்களில் உயிரோடு இருப்பது அதைவிடப் பெரிய வேலை. அவன் முன்னால் வந்தான்.

"மகாராஜா, கோட்டைக்கு வெளியே பேச்சாயி என்று ஒரு அம்மாள் இருக்கிறாள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் தோல் பைகளைத் தைக்கிறவள். அவள் தைத்த பையில் ஒரு சொட்டு ஒழுகியதாக இதுவரை யாரும் சொன்னதில்லை."

மந்திரியின் முகம் சுண்டியது. "என் மைத்துனர் பதினைந்து வருஷமாக அரண்மனைக்குச் சேணம் கொடுத்து வருகிறார் என்பதை மகாராஜாவின் சமூகத்தில் நினைவூட்டுகிறேன்."

"உண்மைதான்" என்றான் செங்கோடன். "அந்தச் சேணத்தில் ஏறியவர்கள் எல்லாரும் இப்போது நடந்துதான் போகிறார்கள்."

ராஜா சிரித்துவிட்டார். வேலை பேச்சாயிக்குப் போனது. மந்திரி சிரிக்கவில்லை. அதைச் செங்கோடன் கவனித்தான். கவனித்தும் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாற்பது நாளில் சேணம் தயாராயிற்று. வெளுத்த துணியில் சுற்றி, செங்கோடன் கையில் கொடுக்கும்போது பேச்சாயி சொன்னாள்: "ஐயா, துணியோட தூக்குங்க. அங்க போய்ப் பிரிக்கிறப்போ ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பார்க்கிறவங்க கண்ணால பார்க்கட்டும், கையால பார்க்க வேணாம்னு."

அவனும் மறக்காமல் சபையில் சொன்னான். என்ன ஆயிற்று தெரியுமா? எல்லாரும் சிரித்தார்கள். விகடன் வாயிலிருந்து வருவது எல்லாம் விகடம்தானே! "கண்ணால் பார்க்க வேண்டுமாம், கையால் பார்க்கக் கூடாதாம்!" என்று வைத்தியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவுக்குப் புதிதாக எது வந்தாலும் எட்டு நாள் சபை நடுவில் வைக்க வேண்டும். செங்கோடனையும் சேர்த்துச் சபையோர் இருபத்திரண்டு பேர். அவர்கள் காலையிலும் மாலையிலும் பதவி வரிசைப்படி வந்து, அந்தப் பொருளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாலு வார்த்தை புகழ வேண்டும். யார் அதிக நேரம் தொட்டிருந்தாரோ அவருக்கு ராஜபக்தி அதிகம் என்று கணக்கு. முந்தின வருஷம் பஞ்சவர்ணக்கிளி ஒன்று வந்தது. அதற்கும் இந்த மரியாதை நடந்தது. எட்டாம் நாள் கிளிக்கு வர்ணம் ஒன்றும் மிச்சமில்லை. இறகும் இல்லை.

சேணத்தை முக்காலியில் வைத்ததும் ஆரம்பமாயிற்று.

"ஆகா, இந்தத் தையல் மகாராஜாவின் புகழைப் போல நீண்டுகொண்டே போகிறது!" என்றார் மந்திரி. வாயில் வெற்றிலை, கட்டைவிரல் தையலோடு ஊர்ந்தது.

"மகாராஜாவின் படை வரிசையைப் போல!" என்றார் சேனாதிபதி. மீசையை முறுக்கிய விரலாலேயே தடவினார்.

"என் கவிதை அடிகளைப் போல... இல்லை, மகாராஜாவைப் பற்றிய என் கவிதை அடிகளைப் போல!" என்றார் புலவர்.

ராஜாவுக்கும் ஆசை பொறுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதிரசம் சாப்பிட்டுவிட்டு நேரே வந்து, ஒரு தையல், இரண்டு தையல் என்று விரல் வைத்து எண்ணுவார். நடுவில் எண்ணிக்கை தவறிவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

எட்டாம் நாள் மாலை ராஜா எண்ண உட்கார்ந்தார். எண்ண முடியவில்லை. தையல் எது, தோல் எது என்று தெரியவில்லை.

"என்ன இது?" என்று கத்தினார். "மல்லிகைப் பூப்போல இருந்ததே! இப்போது அடுப்பு துடைத்த துணி மாதிரி இருக்கிறது!"

மந்திரி இதற்காகவே எட்டு நாள் காத்திருந்தவர் போல எழுந்தார். "மகாராஜா, நான் வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மாட்டுத் தோலைப் புரட்டுகிற கை. அந்தக் கையின் அழுக்கு நூலுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. மேலே ஏதோ பூசி மறைத்துக் கொடுத்துவிட்டாள். பூச்சு போயிற்று, அழுக்கு தெரிகிறது. மகாராஜாவை ஏமாற்றிய கை அது."

"அந்தக் கையின் கட்டைவிரலை எடுங்கள்!" என்றார் ராஜா.

செங்கோடன் எழுந்து முன்னால் வந்தான். கட்டைவிரல் போனால் ஊசி பிடிக்க முடியாது. ஊசி பிடிக்காவிட்டால் பேச்சாயி என்ன ஆவாள்? அவள் பாட்டுக்குக் கிணற்றுப் பைகளைத் தைத்துக்கொண்டு இருந்தவள். அவளை இங்கே இழுத்துவிட்டது யார்? ஒரு நிமிஷச் சிரிப்புக்காக மந்திரியின் மைத்துனரைக் குத்தியது யார்?

"மகாராஜா" என்றான். "தண்டனை பெரியது. ஆணையை எழுத்தில் இடவேண்டும் அல்லவா? இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது, ராஜா கோபத்தில் சொன்னார் என்று பேசுவார்கள்."

"எழுதுங்கள்!" என்றார் ராஜா. "வெள்ளைத் தையல் எந்தக் கைபட்டு அழுக்கானதோ, அந்தக் கையின் கட்டைவிரல் எடுக்கப்படும்."

மந்திரி செங்கோடனைப் பார்த்துப் புன்னகைத்தார். சேணத்தைச் சுமந்து வந்தவன் இவன்தானே? வலையை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தால் இரண்டு மீன் விழும். "மகாராஜா, ஒரு வரி சேர்த்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். 'அந்தக் கை யாருடையதாக இருந்தாலும், எந்தப் பதவியில் இருந்தாலும், விலக்கு இல்லை.' நீதி என்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் பாருங்கள்."

"சேர்த்துக்கொள்ளுங்கள்."

"இன்னும் ஒன்று. அந்த அம்மாளை அழைத்து வந்தவர் செங்கோடன். ஆணையை நிறைவேற்றும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைக்கலாம். மூன்றாம் நாள் சபையில்."

"அப்படியே ஆகட்டும்" என்று ராஜா முத்திரை குத்தினார்.

மறுநாள் விடிந்ததும் செங்கோடன் பேச்சாயியின் வீட்டுக்குப் போனான். அவளுக்குச் செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு ஏற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வாங்க ஐயா. விரலை இப்பவே எடுத்துக்கிட்டுப் போறீங்களா, நாளன்னிக்கு வருவீங்களா?"

"பேச்சாயி, அப்படிப் பேசாதே."

"பின்னே எப்படிப் பேசறது? சேணத்தைக் குடுக்கிறப்போ எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

"பால் மாதிரி."

"இப்போ?"

"அடுப்பு துடைத்த துணி மாதிரி."

"குதிரை மேல போட்டாங்களா?"

"இல்லை."

"மழையில கிழையில?"

"சபைக்குள்ளேதான் இருந்தது. தொட்டார்கள்."

பேச்சாயி இப்போதுதான் நிமிர்ந்தாள். "எத்தனை பேரு?"

"இருபத்திரண்டு பேர். ராஜாவோடு இருபத்துமூன்று. காலையும் மாலையும். எட்டு நாள்."

"அடப் பாவிகளா!" என்று மடியிலிருந்த நூலை வைத்தாள். "குதிரை மேல போட்டு எட்டு வருஷம் ஓட்டியிருந்தாக்கூட இந்தக் கதி வந்திருக்காதே! குதிரைக்கு என்ன, வேர்வை மட்டும்தான். மனுஷன் கையில என்ன இல்ல?"

"மந்திரி சொல்கிறார், உன் கை அழுக்கு நூலுக்குள் இறங்கிவிட்டதாம்."

"என் கையா?" பேச்சாயி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "இப்படி வாங்க. இந்த நூலை ஒரு முனையில புடிங்க."

செங்கோடன் கையை நீட்டினான்.

"கழுவிட்டு!"

"காலையிலேதான் குளித்தேன்."

"குளிச்சீங்க. அப்புறம் தலை சீவினீங்க, குடுமியை முடிஞ்சீங்க, வழியில வேர்வையைத் துடைச்சீங்க, என் வீட்டுப் படலைத் தள்ளினீங்க. கை என்ன சும்மாவா இருந்துச்சு? சரி, கழுவாமலே புடிங்க. பார்ப்போம்."

பிடித்தான். ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தான். விட்டபோது, விரல் பட்ட இடத்தில் நூல் எலி நிறமாகியிருந்தது.

"அட!" என்றான் செங்கோடன். தன் கட்டைவிரலை யாரோ அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"வெள்ளை நூல் சோலிக்குன்னு ஒரு முறை இருக்குது ஐயா" என்றாள் பேச்சாயி. "சாயம் போட்ட தோலை முதல்ல காஞ்ச துணியால தேய்க்கணும். துணியில நிறம் ஒட்டாத வரைக்கும் தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். இல்லாட்டி தோலே நூலைக் கெடுத்துப்புடும். மெழுகை வெயில்ல வச்சு வெளுத்து எடுக்கணும். மஞ்ச மெழுகு போட்டா நூலும் மஞ்சளாத்தான் நிக்கும். அப்புறம் கை. உட்காரும் முன்னாடி பூந்திக்கொட்டை நுரையில மூணு தடவை. மூக்கைத் தொட்டா மறுபடியும். தலையைச் சொறிஞ்சா மறுபடியும். சாண் தூரம் தைச்சதும் அதும் மேல துணியைப் போட்டு மூடிட்டு அடுத்த சாணுக்குப் போவேன். தோலுக்கு எண்ணெய் விடறதுன்னாலும் கோழி இறகால விடுவேன், தையலுக்கு விரல் அகலம் தள்ளி. நாப்பது நாளும் அப்படித்தான் தைச்சேன். என் கையா அழுக்கு?"

இரண்டு கைகளையும் நீட்டினாள். காய்ப்பு இருந்தது. ஊசி குத்திய தழும்பு இருந்தது. அழுக்கு இல்லை. நகக்கண்ணில்கூட இல்லை. தோல் வேலை செய்கிறவர்களின் கையைப் பற்றி அரண்மனையில் பேசுவதை எல்லாம் செங்கோடன் நினைத்துப் பார்த்தான். அப்படிப் பேசும்போது அவர்கள் ஒவ்வொருவரும் தன் கையை எங்கே வைத்திருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தான்.

"சேணத்தில் உள்ள அழுக்கு போகுமா?"

"கை அழுக்குதானே? மேலாகத்தான் நிக்கும். மெழுகு உள்ளே விடாது. நுரையை மட்டும் எடுத்து, நார்த் துலக்கியால நூல் போற போக்கில தேய்ச்சா வந்துடும். தண்ணி தோலுக்குப் போகக்கூடாது. போக்கறது பெரிசில்ல ஐயா. மறுநாளே வந்து மறுபடியும் தொடுவாங்களே, அதுக்கு என்ன பண்றது?"

செங்கோடன் எலி நிறமான அந்த நூலை மறுபடியும் எடுத்துப் பார்த்தான். பிறகு, "பேச்சாயி, வெள்ளை நூல் எத்தனை முழம் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டான்.

"ஏன்?"

"இருபத்துநாலு துண்டு வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சாண். நாளன்றைக்கு நீயும் வா. கையைக் கழுவிக்கொண்டு வா."

"நான் எப்பக் கழுவாம இருந்தேன்?" என்றாள் பேச்சாயி.

மூன்றாம் நாள் சபை கூடியது. பேச்சாயி தூண் பக்கம் நின்றாள். அவளைத் தாண்டி உள்ளே போனவர்கள் எல்லாரும் அங்கவஸ்திரத்தைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே அவள் மேல் பட்டு அழுக்காகிவிடுமோ என்று. சேணம் நடுவில் துணி மூடி இருந்தது. பக்கத்தில் ஒரு மரக்கட்டை, அதன் மேல் ஒரு கத்தி. செங்கோடன் ஒரு தட்டில் வெள்ளை நூல் துண்டுகளோடு வந்தான்.

"ஆணையை நிறைவேற்றலாமே, தாமதம் ஏன்?" என்றார் மந்திரி.

"அதற்குத்தான் வந்திருக்கிறேன், மந்திரியாரே. அதற்கு முன், மகாராஜாவுக்காக இந்தப் புது நூல் வந்திருக்கிறது. மகாராஜாவின் பொருள். வந்த பொருளுக்கு மரியாதை செய்யாமல் விடலாமா என்று பெரியவர்களைக் கேட்கிறேன்."

சபையில் சலசலப்பு. யாரும் விடத் தயாராக இல்லை.

"விடலாகாது!" என்றார் சேனாதிபதி.

"விடவே கூடாது!" என்றார் வைத்தியர்.

"ஒரே நூலை எல்லாரும் பிடித்தால் அறுந்துவிடும்" என்றான் செங்கோடன். "அதனால் ஆளுக்கு ஒன்று."

"எனக்கு முதலில்" என்றார் மந்திரி.

"எனக்கு உமக்குப் பின்னால் என்று யார் சொன்னது?" என்று சேனாதிபதி முழங்கையால் இடித்தார்.

"முகூர்த்தம் பார்த்துக் கொடுக்கிற என்னைத் தள்ளுகிறீர்களே!" என்றார் சோதிடர்.

ராஜா ஆசனத்திலிருந்து கையை நீட்டினார். "நூல் என்னுடையது. எனக்கு இல்லாமலா?"

"முதல் துண்டு மகாராஜாவுக்குத்தான்" என்று செங்கோடன் பணிவாக நீட்டினான்.

மற்ற இருபத்தோரு பேரும் ராஜாவும் நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்கள். செங்கோடனும் ஒன்றைப் பிடித்தான். கடைசித் துண்டைப் பேச்சாயியிடம் கொடுத்தான்.

"அவளுக்கு எதற்கு?" என்றார் மந்திரி.

"அவளும் மகாராஜாவின் குடிதானே? மந்திரியாரே, தாங்கள் ஆரம்பியுங்கள். வழக்கம் போல நீளமாக."

புகழ்ச்சி நடந்தது. நூல் ராஜாவின் ஆயுளைப் போல நீண்டது, ராஜாவின் மனசைப் போல வெண்மையானது, ராஜாவின் உறுதியைப் போல முறுக்கானது. மந்திரி ஒரு நாழிகை பேசினார். சேனாதிபதி விட்டுக்கொடுப்பாரா? புலவர் நூலைப் பற்றி நூறு பாட்டுப் பாட எழுந்தவர், பதினெட்டில் இருமல் வந்து உட்கார்ந்தார். எல்லாரும் முடித்தபின் செங்கோடன் துண்டுகளை நுனியில் பிடித்து வாங்கி, ஒரு நீளக் கம்பில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டான்.



கம்பில் தொங்கியவற்றில் வெள்ளை என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. அது பேச்சாயியுடையது.

"இது மந்திரியார் பிடித்தது" என்றான் செங்கோடன். "வெற்றிலைச் சிவப்பு. இது சேனாதிபதியார். மீசைக்குப் போடுகிற கரி எண்ணெய். போர்க்களத்தில் பகைவர் அஞ்சிய மீசை, இங்கே நூலும் அஞ்சிக் கறுத்துவிட்டது. இது வைத்தியர், லேகியம். இது புலவர், மை. இது சோதிடர்."

"என்னுடையது விபூதி! அழுக்கல்ல!" என்றார் சோதிடர்.

"விபூதிதான், சுவாமி. அதற்கு அடியில் மூக்குப்பொடியும் இருக்கிறது."

செங்கோடன் சேணத்தின் மேலிருந்த துணியை எடுத்தான். "இப்போது இதைப் பாருங்கள். முன்பக்கத் தையலில் சிவப்பு. வலப்பக்கம் கரி. பின்பக்க வளைவில் மை. ஓரத்தில் லேகியம், மோந்து பார்த்தால் சுக்கு வாசனைகூட அடிக்கிறது. எந்தக் கைபட்டு அழுக்கானது என்று ஆணை கேட்டது. கைகள் அகப்பட்டுவிட்டன."

மந்திரி எழுந்தார். "இது விகடம்! ஆணை அந்தப் பெண்ணை உத்தேசித்து இட்டது!"

"அப்படியா?" செங்கோடன் ஓலையைப் பிரித்து வாசித்தான். "'அந்தக் கை யாருடையதாக இருந்தாலும், எந்தப் பதவியில் இருந்தாலும், விலக்கு இல்லை.' இந்த வரி யார் சேர்த்தது என்று எனக்குக் கொஞ்சம் மறந்துவிட்டது. மந்திரியாருக்கு நினைவிருக்கும்."

மந்திரிக்கு நினைவிருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"நிறைவேற்றும் பொறுப்பு என்னுடையது. நிறைவேற்றாவிட்டால் ராஜத்துரோகம். ஆகவே, பெரியோர்களே, கட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக வாருங்கள். பதவிப்படி. மந்திரியார் முன்னால் வரட்டும்."

"சேனாதிபதி வீரர். அவரே முதலில் போகட்டும்" என்றார் மந்திரி.

"அது முறையாகுமா? தங்களுக்கு முன்னால் நான் என்றாவது போயிருக்கிறேனா?" என்றார் சேனாதிபதி. "வைத்தியர் வயதில் மூத்தவர்."

"நான் இல்லாவிட்டால் உங்கள் காயத்துக்கு யார் மருந்து வைப்பது? நான் கடைசி" என்றார் வைத்தியர். "சோதிடர் இருக்கிறாரே."

"இன்றைக்கு எனக்கு நேரம் சரியில்லை" என்றார் சோதிடர்.

இருபத்தோரு பேரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள். வரிசை வட்டமாகிவிட்டது. ஆளுக்காள் முன்னால் இருப்பவருக்கு மரியாதை செய்துகொண்டே பின்னால் நகர்ந்தார்கள். அந்தச் சபையில் அவ்வளவு பணிவை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"வீண் சண்டை வேண்டாம்" என்றான் செங்கோடன். "நானும் பட்டியலில் இருக்கிறேன். இதோ, எலி நிறத்தில் தொங்குகிறதே, அது என்னுடையது. என் முறை கடைசியில் வரும். ஆனால் பதவி வரிசை என்று பார்த்தால், மந்திரியாருக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார்."

கம்பின் முதல் நூலைத் தொட்டுக் காட்டினான். அது மஞ்சளாக, அதிரச எண்ணெய் மின்ன, விளக்குத் திரி மாதிரி தொங்கியது. சேணத்தின் இடப்பக்கத் தையல் முழுவதும் அதே மஞ்சள்.



ராஜா தன் வலது கையை மெதுவாகத் தூக்கிக் கட்டைவிரலைப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. செங்கோடன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜா சிரித்தால் பேச்சாயிக்கு விரல் மிஞ்சும். சிரிக்காவிட்டால் இவனுக்குத் தலை மிஞ்சாது. இரண்டுக்கும் நடுவில் ராஜாவின் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"செங்கோடா" என்றார் ராஜா.

"மகாராஜா."

"இருபத்துமூன்று விரலையும் எடுத்த பிறகு, இந்த ராஜ்யத்தில் முழு விரலோடு ஆணை எழுத யார் இருப்பார்கள்?"

"பேச்சாயி இருப்பாள், மகாராஜா."

"எனக்கு எழுதத் தெரியாதுங்க" என்றாள் பேச்சாயி தூண் பக்கத்திலிருந்து.

அவ்வளவுதான். ராஜாவுக்கு உள்ளே அடக்கி வைத்திருந்தது வெடித்தது. தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆசனத்திலிருந்து சரிந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் நூலைப் பார்த்து மறுபடியும் சிரித்தார். அந்த ஓலையை வாங்கிக் குறுக்கே கிழித்தார்.

"அம்மா" என்றார் பேச்சாயியிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன் கையைப் பற்றித் தப்பாகப் பேசினோம். அழுக்கு எங்களுடையது. சொல், இந்தத் தையல் மறுபடியும் வெளுக்க என்ன செய்யவேண்டும்?"

"தையலுக்கு நான் செய்வேன், மகாராஜா. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு."

"சொல்."

"வாசல்ல ஒரு தொட்டி தண்ணி வைக்கச் சொல்லுங்க. பக்கத்துல பூந்திக்கொட்டை. கழுவிட்டு உள்ள வரட்டும். கழுவினாலும் தொட வேணாம். கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் புகழச் சொல்லுங்க."

"யார் பார்த்து உள்ளே விடுவது?"

"அழுக்குக் கை எதுன்னு எனக்குப் பார்த்தாத் தெரியும்" என்றாள் பேச்சாயி.

ராஜா அங்கேயே அவளை அரண்மனைச் சேணங்களுக்கு எல்லாம் தலைமையாக நியமித்தார். மந்திரியின் மைத்துனர் அன்றோடு வேறு தொழில் பார்க்கப் போனார். மறுநாள் காலையில் சபை வாசலில் வரிசை நின்றது. மந்திரி ஆவுடையப்பர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். பேச்சாயி குனிந்து பார்த்தாள்.

"நகக்கண்ணுல இருக்கு ஐயா. இன்னொரு தடவை."

போய் வந்தார்.

"விரல் இடுக்கு."

போய் வந்தார்.

"ம்... சரி, இன்னிக்கு விடறேன். கையைப் பின்னால கட்டிக்குங்க."

கையைக் கட்டிக்கொண்டு புகழ்வது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. மந்திரி இரண்டு வாக்கியம் பேசிவிட்டுத் திணறினார். சேனாதிபதி மீசையை முறுக்கக் கையைத் தூக்கினார். பேச்சாயியின் பார்வை பட்டதும் கீழே இறக்கிவிட்டார். புகழ்ச்சி அரை நாழிகையில் முடிந்துவிட்டது. மிச்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல், சபையோர் வேறு வழியின்றி ஆறு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த வாய்க்கால் வழக்கைத் தீர்த்துவைத்தார்கள்.

அதைப் பார்த்து ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. செங்கோடனை அருகே கூப்பிட்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். வெளேரென்று ஒவ்வொரு முத்தும் பால்துளி போல இருந்தது.

"இந்தா, உனக்கு" என்று நீட்டினார்.

செங்கோடன் இரண்டு கையையும் ஏந்தினான்.

"ஐயா!" என்றது வாசல் பக்கத்துக் குரல். "கை!"

சபை முழுவதும் சிரித்தது. ராஜா எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். செங்கோடன் தொட்டிக்குப் போய்க் கழுவி வரும்வரையில், அந்த ராஜ்யத்தின் ராஜா முத்துமாலையை நுனியில் பிடித்துக்கொண்டு, நின்றபடியே காத்திருந்து கொடுத்தார்.